மினெத்தானி, இல்லாட்டி மினேயா

வான் ஜப்பானிலிருந்து வந்தது.
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடி,
அம்பாந்தோட்டையில் மூன்று கிழமை உப்புக்காற்றுக் குடித்து,
லீசிங் கடிதத்தோடு கொக்குவிலுக்கு.

திறப்பைத் திருப்பினால் ஒரு பெண் ஏதோ சொல்லுவாள்.
ஒவ்வொரு முறையும் அதே வசனம், அதே மரியாதை.
நான் "ஓம்" என்பேன்.

பாட்டுப் பெட்டிக்குள் முந்தின சொந்தக்காரர்
எதையெல்லாமோ விட்டுப் போயிருந்தார்.
அழிக்கத்தான் அமத்தினேன்.
எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாததால்
அது பாடத் தொடங்கிவிட்டது.

முதலில் எக்காளங்கள். ஒரு மைதானமே எழும்பி நின்றதுபோல.
கோண்டாவில் சந்தியில் ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.
அடுத்தது பியானோ, ஒற்றை விரலால்,
கடன் கேட்க வந்தவன் படலையடியில் தயங்குவதுபோல.
பிறகு ஏழெட்டுப் பெட்டையளின் கும்மாளம்.
பிறகு பாட்டே இல்லை:
ஏதோ மோட்டர், நாய்க்குரைப்பு, ஆரோ மூச்சு வாங்குவது,
பதினொரு நிமிடம்.
பழுதென்று றெஜினோல்டிடம் கொண்டுபோனேன்.
"இது இசைதானடாப்பா" என்றான்.
அவனுக்கும் நிச்சயமில்லை.

பாட்டுக்கொரு ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.
ஆறாம் மாதம், ஆஸ்பத்திரி வீதியில்,
டயாலிசிஸுக்கு வந்தவரைக் காத்து நிற்கையில் கண்டேன்:
மேல்வரி மாறிக்கொண்டே இருக்கிறது,
கீழே நாலு எழுத்து மட்டும் அசையவில்லை.
முதல் இரண்டும் சனம் நெருங்கிய வீடுகள்.
மூன்றாவதுக்குக் கால் இருந்தது, ஓடத் தயாராய்.
நாலாவது எங்கள் ஒழுங்கை மின்கம்பம்.

எக்காளத்திலும் அந்த மின்கம்பம்.
கும்மாளத்திலும். நாய்க்குரைப்பிலும்.
ஒரு மனுசனா இவ்வளவும்?
இரண்டாயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
எப்ப சாப்பிட்டார்?
ஒவ்வொரு தட்டாய்ப் போட்டு ஏற்றிய மற்ற மனுசன்,
வேறொருவருக்கும் இடம் வைக்காதவர்,
அவர் எங்கே ஓடினார் இந்த வானை?

அதற்குப் பிறகு வீதிகளைப் பங்கு பிரித்தேன்.
பண்ணைப் பாலத்துக்கு நீண்ட வயலின்.
கோப்பாய் வெளிக்கு ஒற்றை விரல்.
சங்குப்பிட்டிக்கு மேளம்; அங்கே காற்று மற்றதெல்லாம் தின்றுவிடும்.
கலியாணக்காரர் ஏறினால்
"அண்ணை, நல்லதாப் போடுங்கோ" என்பார்கள்.
போடுவேன்.
இறக்கிவிட்டுத் திரும்பும் வெறும் வானுக்குள்
என்னுடையதை.

ஒருநாள் கோம்பயன்மணல் சுடலையிலிருந்து திரும்புகையில்
முன் சீற்றில் கனடாவிலிருந்து வந்த மகன்.
கை தவறி ஒன்று பாடியது, முப்பது செக்கன்.
நிற்பாட்டப் போன கையைப் பிடித்து "விடுங்கோ" என்றார்.
ஆரியகுளம் வரைக்கும் திரும்பத் திரும்ப அதுவே,
அவர் அழுதபடி.

மிதுர்ஷனா ஜப்பான் மொழி படிக்கிறவள்,
ஒசாக்காவில் வயது போனவர்களைப் பராமரிக்க.
நேர்முகத்துக்குக் கொழும்பு போகும் வழியில் வாசித்தாள்:
"மினெத்தானி. இல்லாட்டி மினேயா.
பேருக்குரியவர் சொன்னால்தான் நிச்சயம்."
அந்த முப்பது செக்கனையும் காட்டினேன்.
"இது விளம்பரம் அண்ணை. குளிக்கிற சவர்க்காரம்."
திறப்புக்காரி இவ்வளவு காலமும்
அட்டை போடவில்லை என்று முறைப்பட்டிருக்கிறாள்.

சிரித்தேன்.
சவர்க்காரத்துக்கும் அந்த மனுசன் குறைத்து எழுதவில்லை என்பது
முறிகண்டி தாண்டித்தான் விளங்கியது.

நேற்று பற்றரி சாகக் கிடந்தது.
கழற்றினால் பெட்டி பூட்டிக்கொள்ளும்;
திறக்கிற இலக்கம் ஜப்பானில் ஆரிடமோ.
றெஜினோல்ட் இன்னொரு பற்றரியைப் பக்கத்தில் வைத்து
இரண்டு வயரைக் கவ்வக் கொடுத்தான்.
"பிடி. ஆடாதை."
பிடித்தேன், தும்மலையும் விழுங்கிக்கொண்டு.
ஆயிரத்து ஐந்நூறு இன்னும் கேட்கவில்லை.
அவன் பழையதைத் தூக்கி நிலத்தில் வைத்தான்,
புதியதை இறக்கினான், நட்டைத் தேடினான்,
நட்டு உருண்டு போய்விட்டது,
தேடினான்.

திறப்பைத் திருப்பினேன்.
அட்டை போடவில்லை என்றாள்.
"ஓம்" என்றேன்.
விட்ட இடத்திலிருந்து
நாய் குரைத்தது.